விழி தாவும் முன் மூளையில் நடப்பது

விழித்திருக்கும் மனிதனின் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை அது ஒரு புள்ளியை விட்டு இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. நரம்பியலில் இதற்குச் சக்காட் என்று பெயர். இங்கே விழித்தாவல் எனலாம். மனித உடல் செய்யும் அசைவுகளில் மிக வேகமானவற்றுள் இது ஒன்று. 10 டிகிரி அளவுள்ள ஒரு தாவல் சுமார் 50 மில்லிவினாடியில், அதாவது ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கில் முடிந்துவிடும். பெரிய தாவல்களின் உச்ச வேகம் வினாடிக்கு 500 டிகிரியைத் தாண்டும்.

இத்தனை ஓயாத தாவலுக்குக் காரணம் விழித்திரையின் அமைப்பு. நுணுக்கமாகப் பார்க்க உதவும் கூம்பு செல்கள் மையக்குழி என்னும் மிகச் சிறிய பகுதியில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், அந்த நகத்தின் அகலம் சுமார் 2 டிகிரி. கூர்மையான பார்வை கிடைப்பது ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான். அதற்கு வெளியே உள்ள உலகம் மங்கலாகவே பதிவாகிறது. விழித்திரை முழுவதும் மையக்குழியைப் போலவே இருந்தால், அதிலிருந்து வரும் செய்திகளைக் கையாள இப்போதிருப்பதைவிடப் பல மடங்கு பெரிய மூளை வேண்டியிருக்கும். பரிணாமம் அந்த வழியில் போகவில்லை. சிறிய கூர்மையான பகுதி ஒன்றையும், அதை வேண்டிய இடத்துக்கு நொடியில் திருப்பும் தசைகளையும் தந்தது. ஒவ்வொரு கண்ணிலும் ஆறு தசைகள். அவற்றை இயக்க மூன்று மண்டை நரம்புகள்.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை, நின்று நின்று தாவுகிறது என்ற செய்தி பாரிஸில் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1870களின் இறுதியில் வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ் கண்ணசைவுகளைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்து வகைப்படுத்தினார். ஆனால் விழித்தாவலுக்குள் மனம் இருக்கிறது என்று கண்ணுக்கு நேரே காட்டியவர் மாஸ்கோவில் ஆய்வு செய்த ஆல்ஃபிரட் யார்பஸ். இலியா ரெப்பின் வரைந்த ஓர் ஓவியம்: நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பத்தார் திகைத்துத் திரும்புகிறார்கள். இதே ஓவியத்தை ஒருவரிடம் பல முறை காட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டார் யார்பஸ். குடும்பத்தின் வசதி என்ன என்று கேட்டபோது கண் மேசை நாற்காலிகளையும் உடைகளையும் சுற்றியது. ஒவ்வொருவரின் வயது என்ன என்றபோது முகங்களிலேயே நின்றது. ஓவியம் மாறவில்லை, கேள்வி மாறியதும் கண் போன பாதை மாறிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு தாவலும் ஒரு முடிவு. அந்த முடிவு தாவல் தொடங்கும் முன்பே பெரும்பாலும் முழுமையாகிவிட வேண்டும். கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையை அடைந்து, திருத்தம் தயாராகித் திரும்பி வருவதற்குள் தாவல் முடிந்துபோயிருக்கும். எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எப்போது என்ற மூன்றுக்கும் விடை முன்கூட்டியே வேண்டும்.

இவற்றில் ‘எப்போது’ என்பதுதான் ஆய்வாளர்களை அதிகம் குடைந்த கேள்வி. இருட்டில் ஒரு விளக்குப் புள்ளி தோன்றினால் கண் அதை நோக்கிக் கிளம்பச் சுமார் 200 மில்லிவினாடி ஆகிறது. குரங்குகளில் அளந்து பார்த்தால், ஒளி பற்றிய செய்தி விழித்திரையிலிருந்து நடுமூளைக்கு வந்து சேர 50 மில்லிவினாடி போதும். நடுமூளையில் உரிய இடத்தை மின்சாரத்தால் தூண்டினால் கண் அடுத்த 20 மில்லிவினாடியில் அசைகிறது. இரண்டையும் கூட்டினால் 70. மீதமுள்ள நேரத்தில் மூளை என்ன செய்கிறது?

கேம்பிரிட்ஜில் ரோஜர் கார்ப்பென்டர் 1980களின் தொடக்கத்தில் இதற்கு எளிய கணித விளக்கம் ஒன்றைக் கொடுத்தார். புள்ளி தோன்றியதும் அதற்கு ஆதரவான ஒரு சமிக்ஞை மூளையில் ஏறத் தொடங்குகிறது. அது ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் கண் கிளம்புகிறது. ஏறும் வேகம் ஒவ்வொரு முறையும் தற்செயலாகக் கொஞ்சம் மாறுகிறது. அதனால்தான் அதே ஆள், அதே புள்ளிக்கு, ஒரு முறை 150 மில்லிவினாடியிலும் மறுமுறை 300 மில்லிவினாடியிலும் பதில் தருகிறார். வெறும் கணக்காக இருந்த இந்தக் கருத்துக்கு 1996இல் நேரடிச் சான்று கிடைத்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக் ஹேன்ஸும் ஜெஃப்ரி ஷாலும் குரங்கின் மூளைப் புறணியில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். தாவலுக்கு முன் அந்த நரம்பணுக்களின் துடிப்பு வீதம் ஏறிக்கொண்டே வந்தது. குறிப்பிட்ட ஓர் அளவை எட்டியதும் கண் புறப்பட்டது. தாவல் விரைவாக வந்தாலும் தாமதமாக வந்தாலும் அந்த அளவு மாறவில்லை. ஏறிய வேகம் மட்டுமே மாறியது. மீதமுள்ள அந்த நேரம் வீணான தாமதமல்ல. பல இலக்குகளில் எதைப் பார்ப்பது என்று எடைபோடும் நேரம் அது.

‘எங்கே’ என்ற கேள்விக்கு விடை நடுமூளையின் கூரையில் இருக்கிறது. அங்கே இரண்டு சிறிய மேடுகள் உண்டு. மேற்குன்றுகள் என்று பெயர். மீன், தவளை, பறவை ஆகியவற்றின் மூளையிலும் இதே உறுப்பு வேறு வடிவில் இருப்பதால், இது மிகப் பழமையான ஏற்பாடு என்று தெரிகிறது. குன்றின் மேலடுக்குகள் விழித்திரையிலிருந்து நேராகச் செய்தி பெறுகின்றன. ஆழமான அடுக்குகள் கண்ணை அசைக்கும் கட்டளையைத் தயாரிக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராபின்சன் 1972இல் குரங்கின் மேற்குன்றில் புள்ளி புள்ளியாக மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார். குன்றின் முன்பகுதியைத் தூண்டினால் சிறிய தாவல், பின்பகுதியைத் தூண்டினால் பெரிய தாவல். வலது குன்று கண்ணை இடப்பக்கமும் இடது குன்று வலப்பக்கமும் திருப்பின. ஓரிடத்தில் மின்சாரத்தைக் கூட்டினாலும் தாவலின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆக, எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்பதை நரம்பணு எவ்வளவு வலுவாகத் துடிக்கிறது என்பதைக் காட்டிலும், அது குன்றில் எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. மேற்குன்று ஒரு வரைபடம். அதன் ஒவ்வொரு புள்ளியும் குறிப்பிட்ட திசையிலும் குறிப்பிட்ட தூரத்திலும் உள்ள ஒரு தாவலுக்கு உரியது.

இந்த வரைபடம் வேலை செய்யும் விதம் இன்னும் வியப்பானது. ஒரு தாவலுக்கு ஒரு நரம்பணு என்ற கணக்கு அங்கே இல்லை. ஒவ்வொரு தாவலின்போதும் குன்றில் கணிசமான பரப்பில் உள்ள நரம்பணுக்கள் ஒன்றாகத் துடிக்கின்றன. கண் போவது அவை அனைத்தின் சராசரி சுட்டும் இடத்துக்கு. டேவிட் ஸ்பார்க்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் இதைச் சோதித்தார்கள். துடிக்கும் பரப்பின் நட்டநடுவில் உள்ள நரம்பணுக்களை மருந்தால் மரத்துப்போகச் செய்தால், அந்தத் தாவல் அடியோடு தவறிப்போகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் கண் சரியான இடத்துக்கே போனது. வேகம் மட்டும் குறைந்தது. சுற்றியுள்ள நரம்பணுக்களின் சராசரி அதே இடத்தைத்தான் காட்டியது. மரத்த இடம் பரப்பின் ஓரத்தில் இருந்தபோது தாவல் அதற்கு எதிர்ப்பக்கமாக விலகியது. ஒவ்வொன்றும் சுமாரான துல்லியம் கொண்ட ஏராளமான நரம்பணுக்கள் சேர்ந்து மிகத் துல்லியமான அசைவைத் தருவது இப்படித்தான்.

மேற்குன்று தனியாக முடிவெடுப்பதில்லை. பெருமூளையின் முன்மடலில் விழிப்புலம் என்ற பகுதி ஒன்று உண்டு. குரங்கின் மூளையில் அந்த வட்டாரத்தைத் தூண்டினால் கண்கள் திரும்பும் என்பதை 1870களிலேயே டேவிட் ஃபெரியர் கண்டிருந்தார். உச்சிமடலில் உள்ள இன்னொரு பகுதி, காட்சியில் எது முக்கியம் என்று மதிப்பெண் போட்டு வைக்கிறது. இவை இரண்டும் மேற்குன்றுக்குச் செய்தி அனுப்புகின்றன. முன்மடல் விழிப்புலம் மூளைத்தண்டுக்கு நேராகவும் அனுப்புகிறது. பீட்டர் ஷில்லரின் குழு குரங்குகளில் மேற்குன்று, முன்மடல் விழிப்புலம் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் அகற்றியபோது விழித்தாவல்கள் பெருமளவு மீண்டன. இரண்டையும் சேர்த்து அகற்றியபோது கண்கள் ஏறக்குறைய நிலைத்துப்போயின. ஆக, பார்வையைத் திருப்ப மூளைக்கு இரண்டு வழிகள் உண்டு.

இலக்கு தயார், வரைபடத்தில் இடமும் குறித்தாயிற்று. இருந்தும் கண் உடனே கிளம்பாமல் இருப்பது, அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தடைகளால். விழித்தாவலைத் தொடங்குவது என்பது பெருமளவுக்குத் தடையை விலக்குவதுதான்.

முதல் தடை அடித்தள நரம்புமுடிச்சுகளில் இருக்கிறது. அங்குள்ள கருநிறப் பகுதியின் ஒரு பிரிவு, வினாடிக்கு 50 முதல் 100 வரையிலான துடிப்புகளால் மேற்குன்றை ஓயாமல் அடக்கிக்கொண்டே இருக்கிறது. ஒகிஹிடே ஹிகோசாகாவும் ராபர்ட் வுர்ட்ஸும் 1983இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இதைக் கண்டார்கள். தாவலுக்குச் சற்று முன் கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் சில கணங்கள் அடங்குகின்றன. அவற்றை அடக்குவது வால் வடிவ உட்கரு என்னும் மற்றொரு முடிச்சு. தடுப்பதைத் தடுத்தால் வழி திறக்கும். மூளை இந்த இரட்டை எதிர்மறையைத்தான் பயன்படுத்துகிறது. தடையை மருந்தால் நீக்கியபோது குரங்கின் கண்கள் நிறுத்த முடியாமல் தாவிக்கொண்டே இருந்தன. எந்தப் பக்கம் பார்த்தால் பழச்சாறு கிடைக்கும் என்று குரங்குக்குத் தெரிந்திருந்தால், வால் வடிவ உட்கருவின் துடிப்பு அதற்கேற்ப மாறுகிறது. அந்தப் பக்கத்துக்கான தாவலும் விரைந்து வருகிறது. ஆசை கண்ணசைவுக்குள் நுழையும் வாசல் இதுவே.

இரண்டாவது தடை மூளைத்தண்டின் பாலப் பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள நிறுத்த நரம்பணுக்கள் கண் நிலைத்திருக்கும் நேரம் முழுவதும் வினாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட துடிப்புகளோடு இயங்குகின்றன. எந்தத் திசையில் தாவல் நடந்தாலும் அதற்குச் சற்று முன் அனைத்தும் மௌனமாகி, தாவல் முடிந்ததும் மீண்டும் தொடங்குகின்றன. தாவல் பாதியில் இருக்கும்போது இவற்றை மின்சாரத்தால் தூண்டினால் கண் அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண் விடுவிப்பதும் தனியாக நேரம் எடுக்கும் வேலை. நடுவில் உள்ள புள்ளியை அணைத்து, சுமார் 200 மில்லிவினாடி இடைவெளி விட்டுப் புதிய புள்ளியைக் காட்டினால் தாவல் தெளிவாக விரைவுபடுகிறது. 1967இல் சாஸ்லோ என்ற ஆய்வாளர் கண்டது இது. இத்தகைய சூழலில் சில தாவல்கள் 100 மில்லிவினாடியிலேயே புறப்படுகின்றன; அவற்றுக்கு எக்ஸ்பிரஸ் தாவல்கள் என்று பெயர். மேற்குன்று அகற்றப்பட்ட குரங்குகளில் இந்த எக்ஸ்பிரஸ் தாவல்கள் மறைந்துபோகின்றன.

தடைகள் விலகியதும் மூளைத்தண்டின் வெடிப்பு நரம்பணுக்கள் வினாடிக்கு 1000 துடிப்புகள் வரை பொழிகின்றன. கிடைமட்டத் தாவலுக்கானவை பாலப் பகுதியில் இருக்கின்றன. மேல்கீழ்த் தாவலுக்கானவை நடுமூளையில். சாய்வான தாவலுக்கு இரண்டும் சேர்ந்து இயங்க வேண்டும். விழிக்கோளத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் பிசுபிசுப்பானவை. அவற்றை மீறிக் கண்ணை விரைவாகத் தள்ள, தொடக்கத்தில் ஒரு பலமான உந்துதல் வேண்டும். அதோடு விட்டால் கண் மீள்விசையால் மையத்துக்கே திரும்பிவிடும். எனவே உந்துதலுக்குப் பின், புதிய இடத்தில் கண்ணைப் பிடித்து வைக்கும் நிலையான இழுப்பும் வேண்டும். அனைத்துத் தாவல்களிலும் தசைக்குப் போகும் கட்டளைக்கு இந்த இரண்டு பகுதிகள் உண்டு: உந்தல், பிடி.

பிடியின் அளவை மூளை எப்படி அறிகிறது? பொறியாளராகப் பயிற்சி பெற்ற ராபின்சன் இதற்குக் கணிதத்தில் விடை தேடினார். உந்தலின் துடிப்புகள் அனைத்தையும் கூட்டினால், அதாவது தொகையீடு செய்தால், கண் போய்ச் சேர வேண்டிய நிலை கிடைத்துவிடும். உண்மையிலேயே இந்தக் கூட்டலைச் செய்யும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன: கிடைமட்ட அசைவுக்கு முகுளத்தை ஒட்டிய பகுதியில், மேல்கீழ் அசைவுக்கு நடுமூளையில். இந்த அமைப்பு பழுதானால் ஓரப்பார்வையில் கண் நிலைக்காது. மெல்ல நழுவி மையத்துக்கு வரும், மீண்டும் வெட்டித் திரும்பும். மது மிகுந்தவரின் கண்களில் தெரியும் துடிப்பிலும் இதே நழுவல் உண்டு. உயிருள்ள திசு நுண்கணிதம் செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நரம்பியலில் அரிது.

துல்லியத்தைக் காப்பது சிறுமூளை. ஒருவரின் கண் தாவிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இலக்கைச் சற்றுப் பின்னால் நகர்த்திவிட்டால் அவருக்கு அது தெரிவதில்லை. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் சில பத்து முறைகளுக்குள் அவருடைய தாவல் தானாகச் சுருங்கிவிடுகிறது. வயதாகித் தசைகள் தளர்ந்தாலும் தாவல் இலக்கைத் தவறாமல் அடைவதற்கு இந்தக் கற்றலே காரணம். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களின் கண் இலக்கைத் தாண்டிப்போகும், அல்லது முன்னமே நின்றுவிடும்.

தாவலைத் தொடங்குவதைப் போலவே தொடங்காமல் இருப்பதும் மூளையின் திறமைதான். 1978இல் பீட்டர் ஹாலெட் ஒரு சோதனையை வகுத்தார்: புள்ளி எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் நலமானவர்களும் அவ்வப்போது புள்ளியை நோக்கியே பார்த்துவிடுகிறார்கள். முன்மடலில் காயம்பட்டவர்களும் மனச்சிதைவு நோயாளிகளும் இதில் மிக அதிகமாகத் தவறுகிறார்கள்.

தாவலின்போது விழித்திரையில் உலகமே தலைதெறிக்க ஓடுகிறது. ஆனால் நமக்கு அது தெரிவதில்லை. கண்ணாடி முன் நின்று இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்குப் பார்வையை மாற்றினால், நம் கண்கள் அசைவதை நாம் காண மாட்டோம். பக்கத்தில் நிற்பவர் காண்பார். கட்டளை தசைக்குப் போகும்போதே அதன் நகல் ஒன்று மூளையின் மற்ற பகுதிகளுக்கும் போவதுதான் இதற்கு ஒரு காரணம். அந்த நகல் மேற்குன்றிலிருந்து தலாமஸ் வழியாக முன்மடல் விழிப்புலத்துக்குச் செல்லும் பாதையை மார்க் சோமரும் வுர்ட்ஸும் 2002இல் விளக்கினார்கள். உச்சிமடலில் சில நரம்பணுக்கள், தாவலுக்குப் பின் தமக்கு முன்னால் வரப்போகும் இடத்தைத் தாவல் தொடங்கும் முன்பே கவனிக்கத் தொடங்கிவிடுகின்றன என்று 1992இல் தெரிந்தது.

இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோய் சாட்சியாக இருக்கிறது. வால் வடிவ உட்கரு அழியும் ஹண்டிங்டன் நோயில், விரும்பிய பக்கம் பார்வையைத் திருப்ப நோயாளிகள் தடுமாறுகிறார்கள். பலர் கண்ணைச் சிமிட்டியோ தலையை வெட்டியோதான் தாவலைத் தொடங்குகிறார்கள். சிமிட்டும்போது நிறுத்த நரம்பணுக்களும் அடங்குவதால் அந்த உத்தி பலிக்கிறது. பார்க்கின்சன் நோயில் கருநிறப் பகுதியின் அடக்குமுறை மிகுந்துவிடுவதால், தானாக முனைந்து செய்யும் தாவல்கள் குறுகிவிடுகின்றன. 1964இல் விவரிக்கப்பட்ட மேலுட்கரு முடக்கம் என்னும் நோயில் நடுமூளை பாதிக்கப்படுகிறது. அதனால் மேலும் கீழும் பார்க்கும் தாவல்களே முதலில் வேகம் இழக்கின்றன. காரணமின்றி அடிக்கடி பின்பக்கமாக விழும் முதியவரின் மேல்கீழ்த் தாவல்கள் மெதுவாக இருந்தால், நரம்பியல் மருத்துவர் இந்த நோயைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

இந்தியாவிலிருந்தும் இத்துறைக்கு ஒரு முக்கியமான பங்களிப்பு உண்டு. பம்பாயின் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா 1971இல் ஸ்வாமி என்பவருடன் சேர்ந்து, பரம்பரையாக நடைத் தள்ளாட்டம் வரும் ஒன்பது குடும்பங்களைப் பற்றி ‘பிரெய்ன்’ இதழில் எழுதினார். அந்த நோயாளிகளின் விழித்தாவல்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மெதுவாக இருந்தன. பாலப் பகுதியின் வெடிப்பு நரம்பணுக்கள் அழிவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கியது. இதைக் கண்டறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை: மருத்துவர் ஒரு கையில் பேனாவையும் மறுகையின் விரலையும் விரித்துப் பிடித்து, மாறி மாறிப் பார்க்கச் சொன்னால் போதும். அந்த நோய் இன்று முதுகுத்தண்டு–சிறுமூளைத் தள்ளாட்டத்தின் இரண்டாம் வகை என்று அறியப்படுகிறது. அதற்குரிய மரபணு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது.